சொந்தக்காரர் நேரில் வரவும்

டயர்கடை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா, அந்த ரொட்டி அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கிறாயா? போன் செய்தால் வேலையில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தை முகத்தில் அடித்தாற்போல் வைக்க முடியாது பார். அப்படியே வைத்தாலும் அது மேஜை மேல் உட்கார்ந்துகொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஊரில் ஒரே அமளி! எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நாய், பூனைக்கெல்லாம் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்ற சட்டத்தை வைத்துக்கொள்ளலாமா, தூக்கிவிடலாமா என்று மாநகராட்சி மக்களைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய மண்டபத்தில் கூட்டம். யார் வேண்டுமானாலும் மைக் பிடித்துப் பேசலாம், பேசி முடித்ததும் கவுன்சிலர்கள் அங்கேயே கை தூக்கி முடிவு செய்வார்களாம். அவ்வளவுதான், நம் தெரு இரண்டாகப் பிளந்துவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசவில்லை, பேசாதவர்கள் கைகோத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

லைசென்ஸ் வேண்டாம் கட்சிக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறாய்? நம் அப்பாவேதான்! கடை வாசலில் கிடந்த பழைய லாரி டயரை நிமிர்த்தி வைத்து, வெள்ளை பெயின்டில் லைசென்ஸ் ஒழிக என்று சுற்றி எழுதிவிட்டார். வட்டமாக எழுதினதால் எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று தெரியாமல் பாதிப் பேர் ஒழிக லைசென்ஸ் என்று படித்துவிட்டு அர்த்தம் ஒன்றுதானே என்று போகிறார்கள். காற்றடிக்க வருகிறவர்களை அவர் விடுவதே இல்லை. கடிக்கிற நாய்க்கு லைசென்ஸ் கிடையாது, லைசென்ஸ் வாங்கின நாய் கடிக்காது, அப்புறம் யாருக்காக இந்தக் கூத்து என்பது அவர் கேள்வி. ஒழுங்காக இருக்கிறவனைத்தான் இந்த ஊர் வரிசையில் நிற்க வைக்கிறது என்று அவர் சொல்லும்போது ஜாக்கியைப் பாதியில் விட்டுவிடுகிறார். வண்டிக்காரர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற தன் காரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

எதிர்க் கட்சிக்குத் தலைவி மருந்துக்கடை அம்மா. வீடு நிறையப் பூனை வைத்திருக்கிறாரே, அவரேதான். லைசென்ஸ் வேண்டும் என்றால்தான் ஜனங்கள் தடுப்பூசி போடுகிறார்கள், இல்லையென்றால் எவன் போடுவான் என்கிறார். ஒரு குழந்தையைக் கடித்துவிட்டு ஓடின நாய்க்குச் சொந்தக்காரன் யார் என்று தெரியாமல், அந்தக் குழந்தைக்கு ஊசி மேல் ஊசி போட்டதைக் கண்ணால் பார்த்தவர் அவர். நான் என்ன செய்வேன்? அப்பா பேசினால் அவர் பக்கம் சாய்கிறேன், அந்தம்மா பேசினால் அந்தம்மா பக்கம் சாய்கிறேன். உன் அத்தான் என்னைப் பார்த்து, நீ அலைன்மென்ட் போன சக்கரம், எந்தப் பக்கம் இழுத்தாலும் போவாய் என்கிறார். டயர்கடை மாப்பிள்ளை ஆனதும் அவருக்கு வந்த ஒரே ஞானம் இதுதான்.

உன் நாய் நட்டு நன்றாக இருக்கிறான். மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. நீ அவனுக்காக வெட்டிக் கொடுத்த டயருக்குள்ளேதான் இன்னும் சுருண்டு படுக்கிறான், கொஞ்சம் பெருத்துவிட்டதால் பின்பக்கம் வெளியே பிதுங்கிக்கொண்டிருக்கிறது. ரொட்டி வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் துள்ளி எழுந்து, நீதான் வந்தாயோ என்று தெருமுனை வரை ஓடிப் பார்த்துவிட்டு வருகிறான். உனக்கு இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், கை எழுதிவிட்டது.

அவன் லைசென்ஸ் உன் பேரில்தான் இருக்கிறது. இந்த மாசக் கடைசியில் முடிகிறது. வருஷா வருஷம் நீயும் அப்பாவும் நட்டுவுமாக, மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டே போய் வரிசையில் நின்றுவிட்டு, சண்டை போட்டுக்கொண்டே வருவீர்கள். அப்பா வராவிட்டால் நட்டு வண்டியில் ஏற மாட்டான், நீ வராவிட்டால் அந்தக் கவுன்டரில் முத்திரை குத்த மாட்டார்கள். போன வருஷம் அப்படிப் போய் வந்த கையோடுதான் உனக்கு வேலை வந்தது. நீ ரொட்டி சுடப் போகிறேன் என்றாய், கடையை யார் பார்ப்பது என்று அப்பா குதித்தார், போகிறவன் போ, திரும்பி வந்து இந்த வாசலை மிதிக்காதே என்று ஒரு வார்த்தையைக் கொட்டிவிட்டார். நீயும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், யாரைச் சொல்லி என்ன?

கவலைப்படாதே. லைசென்ஸே போய்விட்டால் உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அப்பா ஜெயிப்பார். அவர் பேசுவதை நீ ஒரு தடவை கேட்க வேண்டுமே!

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. அடுத்தவருக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு நீ பட்டினி கிடக்காதே.

அன்புடன்,
அக்கா

*

டயர்கடை,
சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நட்டு பத்திரமாக இருக்கிறான். இதோ என் காலடியில்தான் படுத்திருக்கிறான். இதைப் படித்துவிட்டு மூச்சை விட்டுக்கொள், அப்புறம் மேலே படி.

அவனை நாய் வண்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்! லைசென்ஸ் உள்ள நாயை எப்படிப் பிடித்தார்கள் என்று நீ கேட்பாய். எல்லாம் நம் அப்பாவின் கைவேலை. நட்டு கழுத்தில் தொங்குகிற அந்த லைசென்ஸ் பில்லையை அடிக்கடி எங்காவது தொலைத்துவிட்டு வருகிறான் என்று, அப்பா பழைய ட்யூபை வெட்டி ஒரு கழுத்துப்பட்டை செய்தார். நல்ல விஷயம்தானே? ஆனால் பில்லையை வெளியே தொங்கவிடாமல், இரண்டு ரப்பர் துண்டுக்கு நடுவில் வைத்து, சொல்யூஷன் தடவி, பஞ்சர் ஒட்டுகிற மாதிரி அப்படியே ஒட்டிவிட்டார்! இனிமேல் தொலையவே தொலையாது என்று மார் தட்டினார். வாஸ்தவம், தொலையவில்லை. ஆனால் யார் கண்ணுக்கும் தெரியவும் இல்லை. பார்க்கிறவனுக்கு அது வெறும் கறுப்பு ரப்பர். தெருமுனையில் ரொட்டி வண்டி பின்னால் ஓடிக்கொண்டிருந்தவனைப் பில்லை இல்லாத நாய் என்று வலை போட்டு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் ஓடி வந்து சொன்னதும் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. லாரி சக்கரத்தைக் கழற்றினபடியே விட்டுவிட்டு, கையில் ஸ்பேனரோடு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்பேனரை வைத்துவிட்டு வாங்கப்பா, அடிக்கப் போகிறோம் என்று நினைப்பார்கள் என்றேன். நினைக்கட்டும் என்றார். மாநகராட்சி நாய்க் காப்பகத்து வாசலில்தான் பிடுங்கி என் பையில் போட்டேன்.

அது ஒரு நீளமான கட்டடம். இரண்டு பக்கமும் கம்பிக் கதவு, நடுவில் ஈரத் தரை, மருந்து வாசனை. நாங்கள் நுழைந்ததும் எல்லா நாயும் சேர்ந்து கத்தினதில் காது அடைத்துவிட்டது. நட்டு மட்டும் கத்தவில்லை. கடைசிக் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பா, டேய் நட்டு கழன்ற பயலே என்று கூப்பிட்டதும் திரும்பினான் பார், அப்படியே உடம்பே வாலாகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கே ஒரு இளம் அதிகாரி. சின்னப் பெண், நல்ல மரியாதை. பில்லையைக் காட்டுங்கள், விட்டுவிடுகிறேன் என்றாள். உள்ளே இருக்கிறது என்று அப்பா பட்டையைக் காட்டினார். பிரித்துக் காட்டுங்கள் என்றாள். ஐயோ, அப்புறம் நடந்ததை நான் எப்படி எழுத? அப்பா நகத்தால் பிய்த்துப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார், பிளேடு வாங்கிக் கீறிப் பார்த்தார். அவர் ஒட்டின ஒட்டாயிற்றே, லேசில் வருமா? வேர்த்து ஊற்றுகிறது, ஆனால் முகத்தில் ஒரு பக்கம் பெருமை வேறு. பார்த்தியாம்மா, என் ஒட்டு பிரியாது என்று அந்த அதிகாரிப் பெண்ணிடமே சொல்கிறார்! அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நான் அழுதுகொண்டே சிரிக்கிறேன். கடைசியில் என் பையில் இருந்த ஸ்பேனர்தான் கை கொடுத்தது, நெம்பி எடுத்தோம்.

பில்லையின் எண்ணைப் பார்த்து அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். உன் பேரைப் படித்தாள். நீங்கள்தானா அது என்று கேட்டாள். இல்லை என்றார் அப்பா. அப்படியானால் நீங்கள் யார் என்று கேட்டாள். அப்பா நட்டுவின் தலையில் கையை வைத்தார். அப்புறம், நான் அவனுடைய அப்பா என்றார்.

டேய், நீ போனதிலிருந்து அந்த மனுஷன் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் பையன் எங்கே என்றால் காது கேட்காத மாதிரி காற்றடிக்கப் போய்விடுவார். அன்றைக்கு அந்த ஈரத் தரையில் நின்றுகொண்டு சொன்னார். சொல்லிவிட்டு நட்டுவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இப்போது சிக்கல் இதுதான். சொந்தக்காரர் நேரில் வராமல் நாயை முழுசாக ஒப்படைக்க முடியாதாம். அப்பா என்பதால் தற்காலிகமாகக் கொடுத்திருக்கிறார்கள். மாசக் கடைசிக்குள் நீ வந்து லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் சொந்தக்காரர் இல்லாத நாய் என்று திரும்பக் கொண்டுபோய்விடுவார்களாம். இந்த வயசில் அவனை வேறு யார் எடுத்துப்போவார்கள்? அந்தக் கம்பிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடியே அவன் காலம் முடிந்துவிடும்.

ஆனால் வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறதே! லைசென்ஸ் சட்டமே போய்விட்டால் இந்தக் கெடுவும் போய்விடும் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். அதனால் இனி இது தெருச் சண்டை இல்லை, நட்டுவின் உயிர்ச் சண்டை. அப்பாவின் பேச்சை நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன். மருந்துக்கடை அம்மா பாவம், இந்தத் தடவை நான் முழுசாக அப்பா பக்கம். அத்தானிடம் சொல்லிவிட்டேன், சக்கரம் நேராகிவிட்டது என்று.

நீ வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வராமல் இருந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா

*

டயர்கடை,
மறுபடியும் சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. மாவுக் கையைத் துடைத்துக்கொள். எனக்கு நேற்றிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. கோபமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

மண்டபம் நிரம்பி வழிந்தது. நாயோடு வந்தவர்கள் ஒரு பக்கம், பூனையைக் கூடையில் தூக்கி வந்தவர்கள் ஒரு பக்கம், ஒருவர் கிளியோடு வந்து கிளிக்கு லைசென்ஸ் உண்டா இல்லையா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியவில்லை. மேடையில் கவுன்சிலர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் முத்திரை சார். உனக்கு நினைவிருக்கும், லைசென்ஸ் கவுன்டரில் மேஜையே அதிர முத்திரை குத்துவாரே, அவர். சட்டம் போனால் அவர் கவுன்டரும் போய்விடும் அல்லவா, முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

மருந்துக்கடை அம்மாதான் முதலில் பேசினார். அந்தக் குழந்தையின் கதையைச் சொன்னார். நன்றாகத்தான் பேசினார், பொய் சொல்லக்கூடாது. பின்னால் இருந்த சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போச்சுடா என்று நினைத்தேன். அடுத்து யார் யாரோ பேசினார்கள். காலில் வலி உள்ள ஒரு பாட்டியால் வரிசையில் நிற்க முடியாமல், பூனையை ஒளித்து வளர்க்கிறாராம், ஜன்னல் பக்கம்கூட விடுவதில்லையாம். அதைக் கேட்டதும் நம் பக்கம் கைதட்டல் எழும்பியது. அந்தச் சூட்டிலேயே அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

நல்ல சட்டை போட்டிருந்தார். நகத்தில் இருக்கிற கறுப்பு மட்டும் எத்தனை தேய்த்தும் போகவில்லை. நான் எழுதிக் கொடுத்த பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு, நட்டுவையும் கூட்டிக்கொண்டு மேடை ஏறினார். மைக்கைப் பார்த்ததும் அதைத் திருகி, தட்டி, காற்றுக் குறைந்த டயரைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு ஆரம்பித்தார். கடிக்கிற நாய், கடிக்காத நாய் விஷயம் சொன்னதும் மண்டபம் சிரித்தது. ஒழுங்காக இருக்கிறவனைத்தான் வரிசையில் நிறுத்துகிறீர்கள் என்றதும் விசில் பறந்தது. நான் நாற்காலியில் ஏறி நிற்காத குறைதான். கவுன்சிலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். முடிந்தது, ஜெயித்துவிட்டோம், நட்டு பிழைத்தான் என்று அத்தானின் கையைக் கிள்ளிவிட்டேன்.

அப்போது காப்பகத்து விஷயத்துக்கு வந்தார். எங்கள் நாயையே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று படித்தார். அங்கே என்னை நீங்கள் யார் என்று கேட்டார்கள் என்று படித்தார். அதோடு நின்றுவிட்டார்.

நான் எழுதினதில் அடுத்த வரியாக, ஒரு அப்பாவைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று இருக்கிறது. அவர் படிக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் போட்டார். நான் கீழிருந்து கையை ஆட்டுகிறேன், படிங்கப்பா, படிங்கப்பா என்று. என்னைப் பார்க்கவே இல்லை. நட்டுவைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

அந்தப் பொண்ணு என்கிட்ட, இந்த நாய் யாருது, அவர் எங்கே இருக்கார்னு கேட்டுச்சு என்றார். எங்க தெருவுல இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தரும் என்னை அதைக் கேக்கறதில்லை, கேட்டா எனக்குக் கோபம் வரும்னு விட்டுட்டாங்க, நானும் அப்படித்தான் வெச்சிருந்தேன் என்றார். ஒரு ஆபீசுதான் கேட்டுச்சு, கேட்டதும்தான் எனக்கு ஒரு மகன் இருக்கான்னு என் வாயாலேயே சொன்னேன் என்றார். வருஷத்துல ஒரு நாள் நானும் அவனும் அந்த வரிசையில நிப்போம், திட்டிக்கிட்டேதான் நிப்போம், ஆனா சேர்ந்து நிப்போம், அந்த வரிசையையும் எடுத்துட்டீங்கன்னா நான் அவனை எங்கே போய்ப் பார்க்கறது என்று கேட்டார். கிளிகூடச் சும்மா இருந்தது.

அப்புறம், ஒரு உசிரை வளர்க்கறவனை வருஷத்துக்கு ஒரு தடவையாவது நீ எங்கேப்பான்னு யாராவது கேக்கணும், லைசென்ஸ் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினார். இரண்டு படி இறங்கினவர் திரும்பி மைக்குக்குப் போய், ஆனா முடியாதவங்க வீட்டுக்கு நீங்க போய்க் குத்துங்க முத்திரையை, அந்தப் பாட்டி பூனை வெயில் பார்க்கட்டும் என்றார். அதற்குத்தான் கைதட்டல் வந்தது. வந்தது என்றால் எப்படி! இரண்டு கட்சியும் சேர்ந்து தட்டியது.

கவுன்சிலர்கள் கை தூக்கினார்கள். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் லைசென்ஸ் சட்டம் தப்பியது. முடியாதவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவது என்றும் சேர்த்துக்கொண்டார்கள். மருந்துக்கடை அம்மா ஓடி வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் என் பக்கம் வந்துவிட்டீர்களே என்றார். நான் யார் பக்கமும் இல்லம்மா, உங்க பூனையெல்லாம் என் கடைச் சாக்குல வந்து படுக்குது, அதை முதல்ல கவனிங்க என்றார் அப்பா.

எனக்கு வந்ததே கோபம்! வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். நட்டுவைக் காப்பாற்ற வந்துவிட்டு நட்டுவையே பணயம் வைத்துவிட்டீர்களே, மாசக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, அவன் போனில் இரண்டு வார்த்தை பேச மாட்டேன் என்கிறான், வருவானா, வராவிட்டால் நட்டுவை யார் காப்பாற்றுவது என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் நட்டுவின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் முத்திரை சார் வாயெல்லாம் பல்லாக வந்தார். அவர் கவுன்டர் பிழைத்ததே அப்பாவால்தான். என்ன கைம்மாறு செய்வது என்று துடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் கவலைப்படவே வேண்டாம், உங்கள் பையன் வரத் தேவையே இல்லை, நான் இப்போதே உங்கள் பேருக்கு மாற்றித் தருகிறேன், ஒரு கையெழுத்துதான் என்றார். எனக்கு உயிர் வந்தது. பையிலிருந்து தாளை எடுத்து, சுவரில் வைத்து, பேனாவையும் திறந்து நீட்டிவிட்டார் மனுஷன். நானே அப்பாவின் கையைப் பிடித்துப் போட வைக்கலாமா என்று பார்த்தேன்.

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தத் தாளை மேலிருந்து கீழே படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். அது வழக்கமான வரிதான் சார், பேர் மாற்ற வேண்டும் என்றால் அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார் முத்திரை சார். நான் எட்டிப் பார்த்தேன். மேற்படி பிராணியை அதன் உரிமையாளர் கைவிட்டுச் சென்றுவிட்டார் என்று அச்சடித்திருந்தது.

அப்பா பேனாவை மூடி அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார். என் மகன் எதையும் கைவிடலை, வேலைக்குப் போயிருக்கான், அவனுக்குப் பிடிச்ச வேலைக்குப் போயிருக்கான், அவன் நாய் அவன் பேருலேயே இருக்கட்டும் என்றார். முத்திரை சார், சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சார், யாரும் படிக்க மாட்டார்கள் என்று என்னென்னவோ சொன்னார். நான் படிச்சிட்டேனே என்றார் அப்பா. வாடா நட்டு என்று கூப்பிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை, தம்பி. பின்னாலேயே நடந்து போனேன். அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் நட்டு பிழைத்திருப்பான், நீயும் நிம்மதியாக உன் ரொட்டியைச் சுட்டுக்கொண்டிருக்கலாம். உன்னைக் கைவிட்டுப் போனவன் என்று எழுத அந்த மனுஷனுக்குக் கை வரவில்லை. வாசலை மிதிக்காதே என்று சொன்ன அதே அப்பாதான்.

ஆகையால் இப்போது நிலைமை இதுதான். நட்டுவைக் காப்பாற்ற இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். லீவு கிடைக்காது என்று சொல்லாதே. உன் முதலாளியிடம் இந்தக் கடிதத்தையே காட்டு, ரொட்டி சுடுகிறவருக்கு மனசு இளகாமல் போகாது. மாசக் கடைசிக்குள் நீ வந்து அந்த வரிசையில் நிற்க வேண்டும். உன் வலது பக்கம் யார் நிற்பார், யார் திட்டுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்பா காலையிலிருந்து ஒரு புதுப் பட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை பில்லையை வெளியே தெரிகிற மாதிரி போட்டு, இரண்டு போல்ட் வைத்து முடுக்கியிருக்கிறார். நட்டு கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தால் லாரி வருகிற மாதிரி சத்தம் கேட்கிறது. லாரி டயரில் எழுதியிருந்ததையும் கறுப்பு பெயின்ட் அடித்து அழித்துவிட்டார்.

நான் யாருக்கு எழுதுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு தடவை நடந்துவிட்டார், ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பேனரைத் தேடிக்கொண்டு, கையில் அதே ஸ்பேனரை வைத்துக்கொண்டு. இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார். அந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார், சொன்னபடியே எழுதுகிறேன்.

அந்த ரோட்டுல ஓடற பஸ்ஸெல்லாம் தேஞ்ச டயரு, மழை வேற பெய்யுது, பிரேக் போட்டா வழுக்கும். அவனை ரயில்ல வரச் சொல்லு.

வரச் சொல்கிறார்டா. ரயிலில் வா.

உன் வரவைப் பார்த்துக்கொண்டு,
அக்கா